இரண்டே டைப்-சி போர்ட், செருகுவதற்கோ ஏழு சாமான்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

தும்பை எழுதியது:

வணக்கம் நண்பர்களே.

பழைய லேப்டாப் ஓய்ந்துபோனதால் புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். எடை குறைவு, பேட்டரி நன்றாக நிற்கிறது, திரையும் கண்ணுக்கு இதம். குறை என்று சொன்னால் ஒன்றுதான். இடப்பக்கம் ஒரு டைப்-சி, வலப்பக்கம் ஒரு டைப்-சி, ஒரு ஹெட்போன் துளை, அத்தோடு சரி. சார்ஜர் ஒன்றை எடுத்துக்கொண்டால் மிச்சம் ஒன்று.

நான் வீடியோ எடிட்டிங் செய்கிறேன். மேசையில் உட்கார்ந்தால் 4கே மானிட்டர், பேக்கப் ஹார்டு டிஸ்க், கேமராவின் எஸ்டி கார்டு, ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை இணைக்கும் பெட்டி), நெட்வொர்க் கேபிள், கீபோர்டு, வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் (சிக்னல் வாங்கும் குட்டி யுஎஸ்பி துண்டு) எல்லாம் வேண்டும். எல்லாவற்றையும் தாங்கும் என்று ஒரு சின்ன ஹப் (ஒரு போர்ட்டைப் பல துளைகளாக்கும் பெட்டி) மாட்டினேன். வேலை செய்கிறது. ஆனால் மூன்று தொல்லை.

மானிட்டரில் மவுஸ் அம்பு இழுத்துக்கொண்டே வருகிறது. செட்டிங்ஸில் பார்த்தால் 30 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 30 படம் என்று காட்டுகிறது, 60 என்ற தேர்வே இல்லை. அடுத்தது, டிஸ்கில் ஏதாவது காப்பி ஆகும்போது மவுஸ் திக்கித் திக்கி நகர்கிறது. மூன்றாவதுதான் பயமாக இருக்கிறது: ஹப்பிலிருந்து சார்ஜரைப் பிடுங்கினால் ஒரு நொடி எல்லாமே அறுந்து மறுபடி வருகிறது. டிஸ்க் முறையாக வெளியேற்றப்படவில்லை என்று எச்சரிக்கையும் வருகிறது.

விலை கூடிய ஹப் வாங்கினால் இதெல்லாம் தீருமா? இல்லை, லேப்டாப்பிலேயே கோளாறா?

கடற்காகம் எழுதியது:

நல்ல ஹப்பாக ஒன்று வாங்கிப் போடுங்கள், தீர்ந்துவிடும். நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

கம்பிக்கட்டு எழுதியது:

> நல்ல ஹப்பாக ஒன்று வாங்கிப் போடுங்கள், தீர்ந்துவிடும்.

தீரலாம், தீராமலும் போகலாம். தும்பை, பணத்தை எடுப்பதற்கு முன் உங்கள் லேப்டாப்பின் இரண்டு போர்ட்டும் என்னென்ன செய்யும் என்று பார்த்துவிடுங்கள். டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டும்தான். பார்வைக்கு அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரண்டு துளைகளில் ஒன்று 5 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 5 கிகாபிட்) தரவு மட்டும் கொடுக்கும், மற்றது 40 ஜிபிபிஎஸ், இரண்டு மானிட்டர், 100 வாட் சார்ஜிங் எல்லாம் கொடுக்கும். எது எதுவென்று பக்கத்தில் பொறித்த சின்னத்தைப் பார்த்தால் ஓரளவு தெரியும். மின்னல் அம்பு இருந்தால் தண்டர்போல்ட், அதாவது எல்லாம் கொடுக்கும் வேகமான வகை. ‘டிபி’ (டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டருக்குப் படம் அனுப்பும் முறை) என்ற இரண்டு எழுத்து சேர்ந்த சின்னம் இருந்தால் படம் வரும். பேட்டரி சின்னமோ பிளக் சின்னமோ இருந்தால் சார்ஜ் ஏறும். ஒன்றும் பொறிக்காமல் விடுகிறவர்களும் உண்டு. அப்போது தயாரிப்பாளரின் விவரக்குறிப்புப் பக்கம்தான் கதி. கடைப் பக்கத்தில் போட்டிருக்கும் சுருக்க விவரத்தை நம்பாதீர்கள்.

இனி உங்கள் 30 ஹெர்ட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொண்டால் ஹப் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை முடிந்துவிடும்.

டைப்-சி துளைக்குள் 24 முனைகள் இருக்கின்றன. அதில் வேகமான தரவுக்கென்று நான்கு தடங்கள். ஹப்பை மாட்டியதும் லேப்டாப்பும் ஹப்பும் பேசிக்கொண்டு அந்த நான்கைப் பங்கு பிரிக்கும். பெரும்பாலான சின்ன ஹப்புகளில் இரண்டு தடம் படத்துக்கு, இரண்டு தடம் யுஎஸ்பி 3 தரவுக்கு. 4கே படம் 60 ஹெர்ட்ஸில் போக ஏறக்குறைய 12.5 ஜிபிபிஎஸ் தேவை. பழைய டிஸ்ப்ளேபோர்ட் 1.2 கணக்கில் இரண்டு தடத்தில் 8.64 ஜிபிபிஎஸ்தான் போகும். போதாது, எனவே 30-க்கு இறங்கிவிடுகிறது. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்றால் அதே இரண்டு தடத்தில் 12.96 போகும். மயிரிழையில் 60 ஹெர்ட்ஸ் நுழைந்துவிடும்.

ஆக, லேப்டாப், ஹப் இரண்டும் 1.4-ஐத் தாங்க வேண்டும். ஹப்புக்குள் அந்தப் படத்தை மானிட்டர் கேபிளுக்கான எச்டிஎம்ஐ-யாக மாற்றும் சிப் 2.0 வகையாக இருக்க வேண்டும், 1.4 வகை எச்டிஎம்ஐ 4கே-யை 30-க்கு மேல் விடாது. இங்கே எண் குழப்பம் ஒன்று உண்டு: டிஸ்ப்ளேபோர்ட் 1.4 நல்லது, எச்டிஎம்ஐ 1.4 பழையது. ஹப் அட்டையில் வெறுமனே ‘4கே ஆதரவு’ என்று மட்டும் இருந்தால் அது 30 ஹெர்ட்ஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 60 வருமென்றால் அதைப் பெரிதாகவே போட்டிருப்பார்கள்.

வேறொரு வகை ஹப்பும் இருக்கிறது. நான்கு தடத்தையும் படத்துக்கே கொடுத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் யுஎஸ்பி 2.0-க்குத் தள்ளிவிடும். படம் 60-ல் பளிச்சென்று வரும், டிஸ்க் மட்டும் நத்தையாகிவிடும். எடிட்டிங் செய்கிற உங்களுக்கு அது ஆகாது.

மூன்றாம்பிறை எழுதியது:

கம்பிக்கட்டு அண்ணா படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார். டிஸ்க் அறுந்துபோவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றிலும் ஆபத்தானது அதுதான்.

சார்ஜர் ஹப்பில் இருக்கும்போது ஹப்புக்கும் டிஸ்குக்கும் வேண்டிய மின்சாரம் சார்ஜரிலிருந்து வருகிறது. லேப்டாப்பும் வாங்கிக்கொள்கிற பக்கம் இருக்கிறது. பிடுங்கிய கணத்தில் எல்லாம் தலைகீழாக வேண்டும்: லேப்டாப் கொடுக்கிற பக்கத்துக்கு மாற வேண்டும், ஹப் அதிலிருந்து வாங்க வேண்டும். நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரம் தாழாமல் இந்தக் கைமாற்றம் நடப்பதற்கு யுஎஸ்பி பவர் டெலிவரி விதிகளிலேயே வழி இருக்கிறது. மலிவு ஹப்புகள் பலவற்றில் அதைச் செய்வதில்லை. ஹப் செத்துப் பிழைக்கும், அதோடு டிஸ்கும். சில ஹப்புகள் சார்ஜரைச் செருகும்போதும் இதே கூத்தைச் செய்யும்.

அந்த நேரத்தில் டிஸ்கில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு கெடலாம். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை மாற்றங்களை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைக்கும், நடுவில் அறுந்தாலும் அதை வைத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். மேக்கின் ஏபிஎஃப்எஸ்-க்கும் அந்த மாதிரி பாதுகாப்பு உண்டு. எக்ஸ்ஃபேட்டில் கிடையாது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும் என்பதற்காக வீடியோ ஆட்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்தான் போடுகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

என் யோசனை: பேக்கப் டிஸ்கை ஹப்பில் போடவே போடாதீர்கள். லேப்டாப்பில் மிச்சமிருக்கும் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். சார்ஜர், மானிட்டர் மற்றதெல்லாம் இன்னொரு போர்ட்டில் ஹப் வழியாகப் போகட்டும். ஹப் மயங்கி விழுந்தாலும் டிஸ்குக்கு ஒன்றும் ஆகாது.

தும்பை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. விவரக்குறிப்பைத் தேடிப் படித்தேன். இடப்பக்கம் தண்டர்போல்ட் 4. வலப்பக்கம் யுஎஸ்பி 3.2 ஜென் 2, டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உண்டு. சார்ஜ் இரண்டு பக்கமும் ஏறும். ஹப்பின் அட்டையில் எச்டிஎம்ஐ 4கே 30 ஹெர்ட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. லேப்டாப்பில் கோளாறு இல்லை என்பதே பெரிய நிம்மதி.

டிஸ்கை இடப்பக்கம் நேராகச் செருகிவிட்டேன். மவுஸ் திக்குவது கொஞ்சம் குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. அது ஏன்?

வேப்பமரம் எழுதியது:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நாம் எல்லாரும் எந்த ஹப், எந்தக் கேபிள் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் இந்த நிலை ஏன் வந்தது? பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப்பில் மூன்று யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, ஈதர்நெட் (நெட்வொர்க் கேபிள் துளை), எஸ்டி கார்டு எல்லாம் இருந்தன. எடுத்துவிட்டு, அதையே தனியாக அடாப்டர் என்று விற்கிறார்கள். இது வாங்குகிறவருக்கு நல்லதல்ல. ஒரு மாணவர் பென்டிரைவோடு போய் புரொஜெக்டர் முன்னால் நிற்கும்போது அடாப்டர் இல்லையென்றால் அவர் பாடு என்ன?

நெடுஞ்சாலை எழுதியது:

வேப்பமரம் அய்யா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முழுக்க விற்பனைத் தந்திரம் என்று சொல்ல மாட்டேன். டைப்-சி துளை சுமார் 8.3 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. உயரம். ஈதர்நெட் துளையோ இன்றைய மெல்லிய லேப்டாப்பின் விளிம்பைவிட உயரமானது. சில தயாரிப்புகளில் கீழ்த்தாடை திறப்பதுபோல் விரியும் மூடி வைத்து அதைத் திணித்தார்கள், அதுவும் உடைகிறது. மெல்லிசாக வேண்டும், எடை குறைய வேண்டும், பேட்டரி பெரிதாக வேண்டும் என்று கேட்டால் எங்கேயாவது இடத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதே சமயம் கேட்டால் திரும்பக் கிடைக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. ஆப்பிள் 2015-ல் ஒரே ஒரு டைப்-சி போர்ட்டோடு 12 அங்குல மேக்புக்கைக் கொண்டுவந்தது. 2016-ல் மேக்புக் ப்ரோவிலும் எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, பழைய யுஎஸ்பி மூன்றையும் எடுத்துவிட்டது. தொழில் செய்கிறவர்கள் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2021-ல் வந்த 14, 16 அங்குல மாடல்களில் எச்டிஎம்ஐ-யும் எஸ்டி கார்டு துளையும் காந்தச் சார்ஜரும் திரும்பி வந்தன. ஆகவே அடுத்த லேப்டாப் வாங்கும்போது போர்ட் எண்ணிக்கையையும் ராம், பிராசஸர் பார்ப்பதுபோலக் கறாராகப் பாருங்கள். இரண்டு டைப்-சி இருந்தால் இரண்டு பக்கமும் இருக்கிறதா, ஒரே பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கிறதா என்பதுகூட முக்கியம். ஒட்டி இருந்தால் சற்றே தடித்த பென்டிரைவ் பக்கத்துத் துளையையும் அடைத்துவிடும்.

வேப்பமரம் எழுதியது:

ஏற்கிறேன். ஆனால் ஒரு பழைய யுஎஸ்பி துளையையாவது எல்லா லேப்டாப்பிலும் விட்டுவைக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. உலகத்தில் இருக்கும் பென்டிரைவ்கள், பிரின்டர் கேபிள்கள், ஆய்வகக் கருவிகள் எல்லாம் நாளைக்கே மாறிவிடாது.

பனித்துளி எழுதியது:

தும்பை அக்கா, மவுஸ் திக்குவதற்குக் காரணம் யுஎஸ்பி 3 எழுப்பும் ரேடியோ இரைச்சல். அதன் 5 ஜிபிபிஎஸ் சமிக்ஞை 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இரைச்சலைப் பரப்பும். வயர்லெஸ் மவுஸ் டாங்கிள் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012-லேயே இதை அளந்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டிருக்கிறது. டிஸ்க் ஓடும்போது இரைச்சல் கூடும், பக்கத்தில் இருக்கிற டாங்கிளின் காது அடைத்துவிடும். இப்போது டிஸ்க் தள்ளிப் போனதால் பாதி குறைந்திருக்கிறது.

டாங்கிளை ஹப்பிலிருந்து பிரித்து, ஒரு சின்ன யுஎஸ்பி 2.0 நீட்டிப்பு கேபிள் போட்டு மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். ஒரு முழம் தள்ளினாலே வித்தியாசம் தெரியும். 2.4-ல் ஓடும் வைஃபை இதே காரணத்தால் மந்தமாகும், 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை.

புளூடூத் மவுஸ் இருந்தால் டாங்கிளே வேண்டாம், ஒரு துளை மிச்சம். புளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், ஆனால் ஆன்டெனா லேப்டாப்புக்குள் ஹப்பிலிருந்து தள்ளி இருப்பதால் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

கடற்காகம் எழுதியது:

அப்படியென்றால் எல்லாவற்றையுமே வயர்லெஸாக மாற்றிவிடலாமே? கீபோர்டு புளூடூத், பிரின்டர் வைஃபை, பேக்கப்புக்கு நெட்வொர்க்கில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி. போர்ட் பிரச்சினையே வராது.

மூன்றாம்பிறை எழுதியது:

கீபோர்டு, மவுஸ், பிரின்டர் மூன்றையும் தாராளமாக மாற்றலாம். அவை அனுப்பும் தரவு சொற்பம். 4கே வீடியோ கோப்புகளை வைஃபையில் பேக்கப் எடுக்கச் சொன்னால் தும்பை ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டியதுதான். ஆடியோ இன்டர்ஃபேஸைப் பதிவு வேலைக்கு வயரில்தான் வைத்தாக வேண்டும், புளூடூத்தில் தாமதம் வரும்.

ஒரு நல்ல சேதி. கீபோர்டு, மவுஸ், பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் எல்லாம் யுஎஸ்பி 2.0 சாதனங்கள். ஒவ்வொரு யுஎஸ்பி 3 ஹப்புக்குள்ளும் 2.0-க்கென்று தனி ஹப் இருக்கிறது, அதற்குத் தனி ஜோடி வயர். அதனால் இந்தச் சாதனங்கள் எஸ்எஸ்டி-யின் (வேகமான டிஸ்க் வகை) வேகத்தைத் தின்பதில்லை. அடித்துக்கொள்வது வேகமான சாதனங்கள் தங்களுக்குள்தான். எஸ்டி கார்டு, எஸ்எஸ்டி, கிகாபிட் நெட்வொர்க் மூன்றும் ஒரே ஹப்பில் ஒரே சமயம் ஓடினால், ஒரே குழாயடியில் மூன்று குடம் வைத்த கதைதான். ஹப்பில் எத்தனை துளை இருந்தாலும் லேப்டாப்புக்குப் போகும் வயர் ஒன்றுதான், அது 5 அல்லது 10 ஜிபிபிஎஸ்.

மரவட்டை எழுதியது:

கேபிளைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் அனுபவத்தில் ஹப்பைக் குறை சொல்கிற பாதிப் பேருக்குக் கேபிள்தான் வில்லன்.

போனோடு வருகிற டைப்-சி கேபிள்கள் பலவும் சார்ஜுக்கென்று செய்தவை. உள்ளே யுஎஸ்பி 2.0 வயர் மட்டும் இருக்கும், 480 எம்பிபிஎஸ் (நொடிக்கு 480 மெகாபிட்) தாண்டாது, படம் சுத்தமாக வராது. அதைக் கொண்டு மானிட்டரை இணைத்துவிட்டு மானிட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். எஸ்எஸ்டி-யோடு பெட்டியில் வந்த கேபிளை எஸ்எஸ்டி-க்கே வைத்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள். நான் வெள்ளை டேப் ஒட்டி ஒவ்வொன்றிலும் வேகத்தையும் வாட்டையும் பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்.

சார்ஜிங் பக்கமும் அப்படித்தான். 3 ஆம்பியருக்கு மேல், அதாவது 60 வாட்டுக்கு மேல் போக வேண்டுமென்றால் கேபிளின் தலையில் இ-மார்க்கர் என்ற சின்ன சிப் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 100 வாட் சார்ஜர் மாட்டினாலும் 60-க்கு மேல் கொடுக்காது. 2021-ல் வந்த பவர் டெலிவரி 3.1 விதி 240 வாட் வரை அனுமதிக்கிறது, அதற்கும் அதற்குரிய கேபிள் வேண்டும்.

இன்னொன்று. ஹப் வழியாகச் சார்ஜ் போட்டால் ஹப் தனக்கும் தன் சாதனங்களுக்கும் என்று ஒரு பங்கை, பொதுவாக 10 முதல் 15 வாட், பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை லேப்டாப்புக்குத் தரும். 65 வாட் சார்ஜர் என்றால் லேப்டாப்புக்குப் போவது 50 சொச்சம். வீடியோ ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) ஓடும்போது சார்ஜரில் இருந்தும் பேட்டரி மெல்ல இறங்கினால் காரணம் இதுதான். கொஞ்சம் பெரிய சார்ஜராக மாற்றினால் சரியாகும், ஆனால் ஹப் எத்தனை வாட் வரை கடத்தும் என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

தும்பை எழுதியது:

பனித்துளி சொன்னதுபோல் நீட்டிப்பு கேபிள் போட்டேன். மவுஸ் இப்போது வெண்ணெய்போல் நகர்கிறது. நன்றி தம்பி!

மரவட்டை சொன்ன பேட்டரி விஷயமும் இங்கே நடக்கிறது, ரெண்டர் ஓடும்போது சதவீதம் குறைவதைக் கவனித்திருக்கிறேன். ஆக, ஹப்பை மாற்றத்தான் வேண்டும். தண்டர்போல்ட் போர்ட் இருப்பதால் டாக்கே (மேசையில் வைக்கும் பெரிய ஹப்) வாங்கிவிடலாமா? விலை எட்டாத உயரத்தில் இருக்கிறது.

கம்பிக்கட்டு எழுதியது:

உங்கள் வேலைக்கு டாக் பொருத்தம்தான், ஆனால் ஒரே வழி அதுதான் என்றில்லை.

தண்டர்போல்ட் 4 டாக்கில் இருக்கிற பெரிய வசதி, நான்கு தடத்தைப் பங்கு பிரிக்கும் கதை அங்கே இல்லை. படமும் தரவும் ஒரே 40 ஜிபிபிஎஸ் ஓட்டத்துக்குள் பொட்டலம் பொட்டலமாகப் போகும். இரண்டு 4கே மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் வைத்துக்கொண்டே எஸ்எஸ்டி-யும் ஓட்டலாம். பெரும்பாலான டாக்குகளுக்குத் தனி மின்சார அடாப்டர் உண்டு, லேப்டாப்புக்கும் அதிலிருந்தே சார்ஜ் போகும். அதனால் மூன்றாம்பிறை சொன்ன கைமாற்றத் தகராறு எழாது. மேசைக்கு வந்தால் ஒரே கேபிள், கிளம்பும்போது டிஸ்கை வெளியேற்றிவிட்டு ஒரே கேபிளைப் பிடுங்கலாம்.

நீங்கள் மானிட்டரை மாற்றும் எண்ணத்தில் இருந்தால் வேறு வழி: டைப்-சி உள்ளீடு இருக்கிற மானிட்டர். படம், சார்ஜ், பின்பக்கம் நாலு யுஎஸ்பி துளை, சிலவற்றில் ஈதர்நெட்டும்கூட, எல்லாம் ஒரே கேபிளில். டாக்குக்குக் கொடுக்கிற காசில் பாதி மிச்சமாகும். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். எத்தனை வாட் சார்ஜ் தருகிறது? 65-க்குக் குறைந்தால் உங்களுக்குப் பற்றாது. மானிட்டரின் மெனுவில் யுஎஸ்பி வேகம் என்று ஒரு தேர்வு இருக்கும். அது 2.0-ல் இருந்தால் பின்பக்கத் துளைகள் மந்தமாகிவிடும், 3 என்று மாற்ற வேண்டும். 60 ஹெர்ட்ஸ் 4கே மானிட்டர் என்றால் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருக்கிற உங்கள் லேப்டாப்பில் 60 ஹெர்ட்ஸும் யுஎஸ்பி 3 வேகமும் சேர்ந்தே நிற்கும்.

இரண்டும் இப்போது வேண்டாம் என்றால், 60 ஹெர்ட்ஸ் தெளிவாகப் போட்ட, 100 வாட் கடத்துகிற ஹப் ஒன்று வாங்கி வலப்பக்கம் மாட்டுங்கள். இடப்பக்கத் தண்டர்போல்ட்டை எடிட்டிங் எஸ்எஸ்டி-க்கும் பேக்கப் டிஸ்குக்கும் ஒதுக்கிவிடுங்கள். எது அறுந்தால் உங்களுக்கு உண்மையான நஷ்டமோ அதற்கு நேர்த் துளை, மற்றதெல்லாம் ஹப்பில். நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

எஸ்டி கார்டு அடிக்கடி இறக்குகிறவர் நீங்கள். கேமராவின் கார்டு யுஎச்எஸ்-2 வகையா என்று பாருங்கள், பின்புறம் இரண்டு வரிசை முனை இருக்கும். அதன் உச்ச வேகம் நொடிக்கு 312 எம்பி (மெகாபைட்), சாதா யுஎச்எஸ்-1 என்றால் 104. சின்ன ஹப்புகளில் இருக்கும் துளை யுஎச்எஸ்-1 வரைதான். இரண்டு வரிசை கார்டு வைத்திருந்தால் தனி ரீடர் வாங்கிவிடுங்கள்.

நெடுஞ்சாலை எழுதியது:

மேக்புக் வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. எம்1, எம்2 சிப் கொண்ட மேக்புக் ஏர் ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். எம்3 ஏரில் மூடியை மூடிவைத்தால் இரண்டு, எம்4 ஏரில் திறந்தபடியே இரண்டு. இது சிப்பின் வரம்பு, டாக்கில் இரண்டு எச்டிஎம்ஐ இருப்பதால் மாறிவிடாது. எம்எஸ்டி முறையில், அதாவது ஒரே இணைப்பில் வரும் படத்தை இரண்டு திரைக்குப் பிரிக்கிற ஹப்புகள் விண்டோஸில் இரண்டு தனித் திரை தரும், மேக்கில் இரண்டிலும் ஒரே படம்தான் வரும்.

டிஸ்ப்ளேலிங்க் சிப் இருக்கிற டாக் வாங்கினால் அந்த வரம்பைத் தாண்டலாம். அது படத்தைச் சுருக்கிச் சாதாரண யுஎஸ்பி தரவாக அனுப்பும், டிரைவர் நிறுவ வேண்டும். அலுவலக வேலைக்கு நன்றாகவே இருக்கும். தும்பைபோல் வண்ணம் பார்த்து எடிட் செய்கிறவர்களுக்கும், அசைவு துல்லியமாக வேண்டிய கேம் ஆட்களுக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பனித்துளி எழுதியது:

போர்ட் குறைவாக இருக்கும்போது அந்த இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் லேப்டாப் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை செய்கிறேன். டைப்-சி 10,000 தடவை செருகி எடுக்கும்படி வடிவமைத்தது, சாதாரண பழைய யுஎஸ்பி 1,500. அதனால் செருகிச் செருகித் தேய்ந்து வருவது அபூர்வம். நெம்பி உடைந்து வருவதுதான் அதிகம். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஹப் அந்தரத்தில் தொங்கும், அதில் கனமான எச்டிஎம்ஐ கேபிள் வேறு. அந்த எடை முழுக்கத் துளையின் நடுவில் இருக்கிற மெல்லிய நாக்கில் இறங்கும். துளை மதர்போர்டில் நேராகப் பற்றவைத்த மாடல்களில் அது ஆடிவிட்டால் வேலை பெரிசு.

கேபிள் இல்லாமல் லேப்டாப்போடு ஒட்டி நிற்கிற ஹப்பைவிட, சாண் அளவு வளையும் கேபிள் இருக்கிற ஹப் நல்லது. ஹப் மேசைமேல் படுத்திருக்க வேண்டும், தொங்கக் கூடாது.

பிளக் ‘டிக்’ என்று உட்காராமல் அரை மி.மீ. வெளியே நிற்கிறதா? லேசாக ஆட்டினால் சார்ஜ் விட்டுவிட்டு வருகிறதா? உடனே போர்ட் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். பையிலிருந்து வந்த துணிப்பிசிறு நாக்குக்குப் பின்னால் அமுங்கி அமுங்கி ஒரு தட்டையான கட்டியாகிக் கிடக்கும், சாம்பல் நிறத்தில். லேப்டாப்பை முழுக்க அணைத்து, சார்ஜரை எடுத்துவிட்டு, மெல்லிய மரக் குச்சியையோ பிளாஸ்டிக் குச்சியையோ நாக்கைத் தொடாமல் ஓரமாக விட்டு இழுத்தால் மொத்தமாக வந்துவிடும். ஊசி, சேஃப்டி பின் மட்டும் வேண்டவே வேண்டாம். முனை வளைந்துவிடும்.

கடற்காகம் எழுதியது:

இப்போதே டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்படியே சாம்பல் நிறக் கட்டி! எடுத்த பிறகு பிளக் ‘டிக்’ என்று உட்காருகிறது. பனித்துளி, மிகப் பெரிய உதவி.

வெளியே எடுத்துப்போக என்ன வைத்துக்கொள்கிறீர்கள்? டாக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே.

மரவட்டை எழுதியது:

என் பையில் இரண்டுதான். எச்டிஎம்ஐ, ஒரு பழைய யுஎஸ்பி, சார்ஜ் உள்ளீடு மட்டும் இருக்கிற சின்ன ஹப் ஒன்று. டைப்-சி-யைப் பழைய யுஎஸ்பி-யாக மாற்றும் விரல்நுனி அடாப்டர் ஒன்று, சாவிக்கொத்தில். பென்டிரைவைப் பொறுத்தவரை இருபக்கமும் தலை இருக்கிற வகை வாங்கிவிடுங்கள், ஒரு பக்கம் டைப்-சி, மறுபக்கம் பழையது. வேப்பமரம் அய்யா சொன்ன மாணவருக்கு அதுவே போதும்.

அதற்கு எதிர்த்திசை அடாப்டர், அதாவது டைப்-சி பெண் தலையைப் பழைய யுஎஸ்பி ஆண் தலையாக மாற்றுவது, யுஎஸ்பி விதிகளில் அனுமதியில்லாதது. தவறான கேபிளோடு சேர்ந்தால் ஏடாகூடமாக மின்சாரம் பாய வாய்ப்புண்டு. கடையில் கிடைக்கிறது என்பதற்காக வாங்காதீர்கள்.

தும்பை எழுதியது:

முடிவு எடுத்துவிட்டேன். இப்போதைக்கு 60 ஹெர்ட்ஸ், 100 வாட் ஹப் வலப்பக்கம், எஸ்எஸ்டி இடப்பக்கம் நேராக. மானிட்டர் மாற்றும் காலம் வரும்போது டைப்-சி மானிட்டர். ஹப் வந்து மாட்டியாகிவிட்டது, மானிட்டர் 60-ல் ஓடுகிறது, ரெண்டரிலும் பேட்டரி இறங்கவில்லை.

கடைசியாக ஒன்று. ஹப்பில் கிகாபிட் ஈதர்நெட் என்று போட்டிருக்கிறது. ஆனால் நெட்வொர்க் ஸ்டோரேஜிலிருந்து கோப்பு எடுத்தால் நொடிக்கு 11 எம்பி-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. ஹப் ஏமாற்றுகிறதா?

கம்பிக்கட்டு எழுதியது:

11 என்ற எண்ணே விடை சொல்லிவிடுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கிடைக்கிற உச்சம் ஏறக்குறைய அதுதான். கிகாபிட் என்றால் 110-ஐ ஒட்டி வர வேண்டும். யுஎஸ்பி 2.0-ல் மாட்டிக்கொண்டிருந்தால்கூட 30-க்கு மேல் வந்திருக்கும், அதனால் ஹப்பைச் சந்தேகிக்க வேண்டாம்.

விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸில் ஈதர்நெட்டைத் திறந்தால் இணைப்பு வேகம் என்று ஒரு வரி இருக்கும். அங்கே 100/100 என்று இருந்தால் நெட்வொர்க் கேபிளை மாற்றிப் பாருங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கிற எட்டு வயரும் சேதமில்லாமல் இருக்க வேண்டும், 100-க்கு நாலு போதும். ஒரே ஒரு வயர் தலையில் விட்டிருந்தாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். கேபிள் மாற்றியும் அப்படியே இருந்தால் ரூட்டரில் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

தும்பை எழுதியது:

கேபிள்தான்! மாற்றியதும் 1000/1000 என்று காட்டுகிறது, கோப்பு 108-ல் இறங்குகிறது.